தோட்டக் கோயில் கணக்குப் புத்தகம் எந்த ஆய்விதழுக்குப் போக வேண்டும்?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். என் தாத்தா பாட்டி பால் வெட்டிய ரப்பர்த் தோட்டம் 1960களில் துண்டாடப்பட்டது, அதாவது துண்டு துண்டாக விற்கப்பட்டது. அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் கணக்குப் புத்தகம், அங்கே கிராணியாக (எழுத்தராக) இருந்தவருடைய மகன் வீட்டில் எனக்குக் கிடைத்தது. அதையும், பெரியவர்களிடம் எடுத்த பேட்டிகளையும், மக்கள் எங்கெங்கே குடிபெயர்ந்தார்கள் என்று நான் போட்ட வரைபடத்தையும் வைத்து ஆங்கிலத்தில் 14,000 சொற்களில் ஒரு கட்டுரை எழுதினேன். ஒரு வரலாற்று இதழ் 'ஆவணச் சான்று போதாது' என்று திருப்பி அனுப்பிவிட்டது. ஒரு மானிடவியல் இதழ் 'எங்கள் துறையின் விவாதங்களோடு தொடர்பு இல்லை' என்றது. பிறகு ஒரு சர்வதேச இதழிலிருந்து அழைப்பு மின்னஞ்சல் வந்தது. கட்டுரையை அனுப்பினேன். நான்கே நாளில் ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்துவிட்டது. ஸ்கோபஸ் என்ற சர்வதேச ஆய்விதழ்ப் பட்டியலில் இருக்கும் இதழ்தான், 1,800 ரிங்கிட் கட்டுங்கள் என்கிறார்கள். ஒரு கட்டுரை வெளிவந்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். கட்டிவிடலாமா? தமிழில் எழுதினால் அதற்கு மதிப்பு உண்டா? கட்டுரையை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள டீச்சர்,

பணத்தைக் கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை வந்தால் என்ன நடக்கும் என்பதை ஆசிரியர் குழுவில் இருந்து பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஆசிரியர் முதலில் படித்து, இதழுக்குப் பொருந்துமா என்று முடிவு செய்வார். பொருந்தினால் இரண்டு மதிப்பீட்டாளர்களைத் தேட வேண்டும். மலேசியத் தோட்டத் தமிழரைப் பற்றிய கட்டுரையைச் சரியாக எடைபோடக்கூடியவர்கள் உலகம் முழுக்கத் தேடினாலும் ரொம்பப் பேர் இல்லை. அவர்களும் பாடம் நடத்துகிறவர்கள், தேர்வுத்தாள் திருத்துகிறவர்கள். கேட்டவர்களில் சிலர் மறுப்பார்கள், சிலர் பதிலே போட மாட்டார்கள். ஒப்புக்கொண்டவர் படித்து எழுதித் தர இரண்டு மூன்று மாதமாவது வேண்டும். நல்ல இதழில் முதல் முடிவு வர ஆறு மாதம் ஆவது சாதாரணம், ஒரு வருடம் ஆனாலும் ஆச்சரியமில்லை. நான்கு நாளில் ஏற்பு என்றால் உங்கள் 14,000 சொற்களை அங்கே ஒருவரும் படிக்கவில்லை. உங்கள் தாத்தா பாட்டியின் வாழ்க்கையைப் படிக்காமலே அச்சுக்கு அனுப்பத் தயாராக இருக்கும் இடத்தில் அது வர வேண்டாம்.

பணம் கேட்பதாலேயே ஓர் இதழ் போலி ஆகிவிடாது. யாரும் இலவசமாகப் படிக்கும்படி திறந்த அணுக்கம் உள்ள நேர்மையான இதழ்கள் சில, செலவை ஈடுகட்ட எழுதியவரிடம் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளிலும், ஒரு வட்டாரத்தைப் பல துறைகள் வழியாகப் பார்க்கும் வட்டார ஆய்விலும் பேர்பெற்ற இதழ்களில் பெரும்பாலானவை எழுதியவரிடம் பணம் கேட்பதில்லை. சந்தாவிலோ பல்கலைக்கழக ஆதரவிலோ அவை நடக்கின்றன. கட்டணம் வாங்கும் நேர்மையான இதழ்கூட அதைத் தன் தளத்தில் முன்கூட்டியே அறிவித்திருக்கும்.

'ஸ்கோபஸில் இருக்கிறோம்' என்ற பேச்சை நீங்களே சரிபார்க்கலாம். ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியல் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்திருக்கிறது. இதழின் ஐஎஸ்எஸ்என் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள், இடையில் நிறுத்திவிட்டார்களா என்றும் பாருங்கள். இன்னொரு மோசடியும் நடக்கிறது. உண்மையான இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே எடுத்து, அதே மாதிரி ஒரு போலித் தளத்தைக் கட்டிப் பணம் வாங்குகிறார்கள். அதனால் மின்னஞ்சலில் வந்த இணைப்பு வழியாகப் போகாமல், பட்டியலில் உள்ள பதிப்பகத்தின் பெயரைப் பிடித்து அதன் தளத்துக்கு நீங்களாகவே போங்கள். ஐஎஸ்எஸ்என் என்பது வெறும் பதிவு எண். அது இருக்கிறது என்பதால் தரம் இருக்கிறது என்று ஆகாது.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 'என் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், வெளியிட அனுமதி இல்லை' என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் அதையும் ரத்து செய்வதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்பப் பெறவும் கட்டணம் உண்டு என்று மிரட்டினால் அதையும் கட்ட வேண்டாம். எல்லா மின்னஞ்சல்களையும் பத்திரமாக வையுங்கள், மேற்பார்வையாளருக்கும் நகல் அனுப்புங்கள். இவ்வளவு அவசரம் ஏனென்றால், அவர்கள் அதைத் தளத்தில் ஏற்றிவிட்டால் நல்ல இதழ்கள் 'ஏற்கெனவே வெளியானது' என்று சொல்லித் தொடவே மாட்டார்கள்.

சரி, இனி கட்டுரைக்கு வருகிறேன். நிதானமாகப் படித்தேன், சில பக்கங்களை இரண்டாம் முறையும் படித்தேன். டீச்சர், உங்கள் கையில் இருப்பது அரிய பொருள். ஆனால் அதை 22ஆம் பக்கத்தில் கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.

கோயில் வரி கட்டியவர்களின் பட்டியலைச் சொல்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே லயத்தின் (தொழிலாளர் வரிசை வீட்டின்) எண்ணும் சம்பளத் தேதியில் பிடித்த வரியும் இருக்கிறது. தோட்டத்தை விட்டுப் போனவரின் பெயர் மீது கிராணி ஒரு கோடு இழுத்து, பக்கத்திலேயே போன இடத்தை எழுதியிருக்கிறார்: ஈப்போ, கம்பார், தெலுக் அன்சன், 'நாட்டுக்குப் போயாச்சு' (அதாவது இந்தியாவுக்கு). இதுவரை எந்தத் தோட்டக் கணக்கிலும் எதிர்பார்க்கக்கூடியதுதான். அதற்குப் பிறகு நீங்கள் கவனித்ததுதான் முக்கியம். கோடு போட்ட பெயர்களில் பலருக்கு அடுத்த வருடத் திருவிழாவிலும், அதற்கடுத்த வருடத்திலும் வரவு விழுந்திருக்கிறது. தோட்டம் கைமாறிவிட்டது, லயம் காலியாகிவிட்டது. ஆனாலும் அந்த லயத்து எண்ணிலேயே ஈப்போவிலிருந்து வரி வருகிறது. நிலத்தோடும் வேலையோடும் முடிந்துபோனதாக எல்லோரும் எழுதிய ஒரு தோட்டம், வரிப் பட்டியலில் உயிரோடு இருந்திருக்கிறது. இதுதான் உங்கள் கட்டுரை. மற்ற எல்லாமே இதற்கு முன்னுரை, அல்லது இதற்குச் சான்று.

இப்போது இருக்கும் முதல் பக்கம் எப்படித் தொடங்குகிறது? 'மலேசிய இந்தியர் பல்வேறு சமூகப் பொருளாதாரச் சவால்களை எதிர்நோக்கி வருகின்றனர்.' இந்த வாக்கியத்தை மேசையில் நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். வேறு எந்தக் கட்டுரைக்கும் இது பொருந்தும், அதுவே அதன் குறை. எடுத்துவிடுங்கள். கோடு போட்ட ஒரு பெயரிலிருந்து தொடங்குங்கள். அந்த ஆள் எந்த லயம், எந்த வருடம் போனார், எங்கே போனார், எத்தனை திருவிழாவுக்குப் பணம் அனுப்பினார் என்று ஒரு பத்தியில் சொல்லுங்கள். அடுத்த பத்தியில், 'தோட்டத்தை விட்டுப் போனவர் தோட்டத்தாராகவே எவ்வளவு காலம் இருந்தார், ஏன்?' என்ற கேள்வியை வையுங்கள். ஆசிரியர் அதற்குமேல் உங்கள் கட்டுரையைக் கீழே வைக்க மாட்டார்.

உங்களுக்கு வந்த இரண்டு மறுப்புகளும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. வரலாற்று இதழ் கூடுதல் ஆவணம் கேட்டது, மானிடவியல் இதழ் தன் துறையின் பேச்சைக் கேட்டது. நீங்கள் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி கொடுத்தீர்கள். கணக்குப் புத்தகம், பேட்டி, வரைபடம் என்று மூன்று வகைச் சான்றை ஒன்றாக வைத்து ஓர் ஊரைப் புரிந்துகொள்கிற கட்டுரைக்கு இயல்பான வீடு வட்டார ஆய்விதழ்தான். ஆனால் அங்கேயும் கட்டுரை வரலாற்றாளர் ஒருவரிடமும் மானிடவியலாளர் ஒருவரிடமும்தான் போகும். முதலாமவர் 'பேட்டியை எப்படி நம்புவது?' என்பார், இரண்டாமவர் 'கணக்குப் புத்தகத்தில் மனுஷர்கள் எங்கே?' என்பார். இரண்டுக்கும் கட்டுரைக்குள்ளேயே பதில் இருக்க வேண்டும்.

அந்தப் பதிலும் உங்களிடமே இருக்கிறது, அடிக்குறிப்பில். ஒரு பாட்டி 'தோட்டம் வித்த அன்னைக்கே எல்லாரும் ஒண்ணா மூட்டை கட்டிட்டோம்' என்று சொன்னதாக எழுதி, கணக்கின்படி மக்கள் ஏழெட்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருப்பதால் இது நினைவுப் பிழை என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதைப் பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பேட்டி கொடுத்த பலரும் இதையே சொல்லியிருந்தால் அது ஒருவருடைய மறதி ஆகாது. பல வருடம் இழுத்த பிரிவை ஒரே நாளாக அவர்கள் ஏன் நினைவில் வைத்திருக்கிறார்கள்? விற்ற அன்றைக்குத் தோட்ட ஆபீசில் என்ன நடந்தது? பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) நின்றதா, சம்பளம் பாக்கியா? திரும்பப் போய்க் கேளுங்கள். புத்தகம் ஒன்று சொல்ல, வாய்மொழி இன்னொன்று சொல்ல, இரண்டும் ஏன் விலகுகின்றன என்று நீங்கள் விளக்கும் அந்த இரண்டு பக்கம்தான் பல துறைகள் உண்மையிலேயே கைகோக்கிற இடம். பல துறை நூல்களின் பெயரை முன்னுரையில் அடுக்குவதால் அது வந்துவிடாது.

ஆவணப் பக்கத்தையும் பலப்படுத்த வேண்டும். வரலாற்று இதழ் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தோட்டத் துண்டாடல் பற்றி எழுதிவிட்டு, 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பொருளியலாளர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்து கொடுத்த அறிக்கையைத் தொடாமல் விடக்கூடாது. தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தையும் நீங்கள் ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டீர்கள். துண்டாடலுக்கு எதிராகத் தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்குவதற்காக 1960இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கியது அது. அவர் சுங்கை சிப்புட்டுக்காரர். அப்படியிருந்தும் உங்கள் தோட்டம் ஏன் சங்கத்தின் கைக்கு வரவில்லை? மதிப்பீட்டாளர் கண்டிப்பாகக் கேட்பார். 'நாட்டுக்குப் போயாச்சு' என்ற குறிப்புகள் எந்த வருடங்களில் கூடுதலாக இருக்கின்றன என்றும் எண்ணுங்கள். 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி எடுக்க வேண்டியிருந்தது, ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் அதையொட்டி இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். உங்கள் புத்தகம் அதே ஆண்டுகளைக் காட்டினால் ஒரு சட்டம் ஒரு லயத்துக்குள் எப்படி நுழைந்தது என்பதைப் பெயர் பெயராகக் காட்டிவிடலாம். சான்றுக்குக் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். நாளிதழ்களில் 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசனைத் தேடுங்கள். தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் மின்னுருவாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது, வீட்டிலிருந்தே தேடலாம்.

சின்ன விஷயம் ஒன்று. கிராணி 'தெலுக் அன்சன்' என்று எழுதியதை நீங்கள் 'தெலுக் இந்தான்' என்று மாற்றிவிட்டீர்கள். அந்த ஊர் பெயர் மாறியது 1982இல். மூலத்தில் உள்ளபடி எழுதி, இன்றைய பெயரை முதல் முறை மட்டும் பக்கத்தில் கொடுங்கள்.

இனி எந்த இதழ் என்ற கேள்வி. இதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆய்வுலகம் ஆசியாவை வெட்டிப் பிரித்த கோடு சரியாக நம் மேலேயே போகிறது. 'தென்கிழக்காசியா' என்ற பகுப்பு எல்லோர் வாயிலும் புழங்கத் தொடங்கியது இரண்டாம் உலகப் போரில். 1943இல் மவுண்ட்பேட்டன் தலைமையில் நேசநாடுகள் அமைத்த தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் அடுத்த ஆண்டே இலங்கையின் கண்டிக்கு இடம் மாறியது. அன்றைய கணக்கில் இலங்கையும் இதற்குள்தான். போர் முடிந்து பல்கலைக்கழகங்கள் பங்கு பிரித்தபோது இலங்கை தெற்காசியா பக்கம் போனது, மலாயா இந்தப் பக்கம் நின்றது. அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் மொழிப் பயிற்சிக்கும் வட்டார ஆய்வு மையங்களுக்கும் பணத்தைக் கொட்டியது. மையங்களும் நூலக அடுக்குகளும் இதழ்களும் அதே வரப்புகளுக்குள் வளர்ந்தன. விளைவு, தென்கிழக்காசிய இதழில் மலேசியத் தமிழர் ஒரு சிறுபான்மை, தெற்காசிய இதழில் அவரே ஒரு புலம்பெயர்ந்தவர். இரண்டு இடத்திலும் ஓரத்து நாற்காலிதான். எனக்கு இது நெடுநாள் ஆதங்கம்.

ஆனால் உங்கள் கணக்குப் புத்தகத்துக்கு அந்த வரப்பு தெரியாது. ஒரே பக்கத்தில் ஈப்போவும் இருக்கிறது, 'நாடு'ம் இருக்கிறது. இதை வைத்து நீங்கள் இரண்டு வேறு கட்டுரைகள் எழுதலாம், ஒரே கட்டுரையில் இரண்டையும் திணிக்க முடியாது. அனுப்புவதற்கு முன்னால் யாரோடு பேசப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். தோட்டம் சிதறிய பிறகும் தோட்டத்தாராக இருப்பது என்பது மலேசியாவைப் பற்றிய பேச்சு. இங்கே நிலம், குடியேற்றம், நகர்மயமாதல், இனம் பற்றி எழுதுகிறவர்களோடு அதைப் பேச வேண்டும். கப்பல் ஏறிப் போனவர்கள் அந்தப் பக்கத்திலிருந்தும் வரி அனுப்பினார்களா, ஊரில் அவர்களுக்கு என்ன ஆனது என்பது வங்காள விரிகுடாவைப் பற்றிய பேச்சு. அதற்குத் தமிழ்நாட்டுப் பக்கத்துச் சான்றும் வேண்டும், இப்போது உங்களிடம் அது இல்லை. ஆகவே முதல் கட்டுரையை முதலில் எழுதுங்கள்.

அதற்கு நான் பார்க்கும் இதழ்கள் இவை. 'ஜர்னல் ஆஃப் சவுத்ஈஸ்ட் ஏசியன் ஸ்டடீஸ்' சிங்கப்பூரிலிருந்து 1960இல் வரலாற்று இதழாகத் தொடங்கி, 1970இல் பெயரில் இருந்த வரலாற்றை எடுத்துவிட்டு மற்ற துறைகளையும் உள்ளே விட்டது. போட்டி கடுமையானது. சிங்கப்பூரின் ஐசியாஸ் ஆய்வு நிறுவனம் 1986 முதல் நடத்தும் 'சோஜர்ன்' சமூகம், பண்பாடு சார்ந்த பேச்சுக்கு இன்னும் நெருக்கம். உங்கள் கேள்விக்கு என் முதல் பரிந்துரை அதுதான். அங்கே கிடைக்காவிட்டால் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1983 முதல் வெளியிடும் 'கஜியான் மலேசியா'. இதைக் குறைந்த இடமாக நினைக்காதீர்கள், மலேசியாவைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள். ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டி மலேசியக் கிளையின் இதழ் 1878இல் வேறு பெயரில் தொடங்கியது. பழைய தொகுதிகளில் செடி, பாம்பு, ஈயச் சுரங்கம், மலாய்ச் சுவடி எல்லாம் ஒரே அட்டைக்குள் இருக்கும். பல துறை ஆய்வு என்ற பேச்சு வருவதற்கு முன்பே அதைச் செய்த இதழ். கணக்குப் புத்தகத்தையே ஓர் ஆவணமாக அறிமுகப்படுத்தும் தனிக் கட்டுரை ஒன்றைப் பிற்பாடு அங்கே அனுப்பலாம். விரிகுடாக் கட்டுரை என்றைக்காவது தயாரானால் 'மாடர்ன் ஏசியன் ஸ்டடீஸ்', அல்லது ஆஸ்திரேலியாவிலிருந்து 1971 முதல் வரும் 'சவுத் ஏசியா'.

எந்த இதழானாலும் அதன் கடைசி இரண்டு மூன்று வருட இதழ்களைப் புரட்டிப் பாருங்கள். உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் வரும் கட்டுரைகளைப் படித்து, உங்கள் கட்டுரை அவற்றுக்குப் பதில் சொல்லும்படி எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஓர் இதழுக்குத்தான் அனுப்ப வேண்டும், பதில் வரும்வரை இன்னொன்றுக்கு அனுப்பக்கூடாது. இந்த விதியை மீறியது தெரிந்தால் இரண்டு வாசலும் மூடிவிடும். பெரும்பாலான இதழ்களில் 8,000 முதல் 10,000 சொற்கள்தான் எல்லை. நாலாயிரம் சொற்களை எங்கே வெட்டுவது என்று கவலைப்படாதீர்கள். தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய கங்காணி முறையின் பொது வரலாற்றுக்கு நீங்கள் ஒதுக்கிய ஒன்பது பக்கத்தை ஒன்றரைப் பக்கமாக்கினாலே போதும். அதைத் தெரிந்தவர்கள்தான் உங்களைப் படிக்கப் போகிறார்கள்.

பேட்டிகள் பற்றி ஒரு கவலை. பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதியைப் பற்றிக் கட்டுரையில் ஒன்றுமே இல்லை. வாங்கியிருந்தால் குறிப்பிடுங்கள், இல்லையென்றால் மேற்பார்வையாளரிடம் உடனே பேசுங்கள். இதழ்கள் இதைக் கேட்கும். ஆட்களின் பெயரை மாற்றியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் ஒரு தோட்டத்துக்கு ஒரு பெரிய கிராணிதான். தோட்டத்தின் பெயரைப் போட்டுவிட்டு 'அப்போதைய பெரிய கிராணி கோயில் பணத்தைக் கையாண்ட விதம்' என்று எழுதினால், சுங்கை சிப்புட்டில் அந்தக் குடும்பம் யாரென்று தெரியாதவர் இருப்பாரா? புத்தகத்தை நம்பிக் கொடுத்தவரே அவருடைய மகன்தான். அந்தப் பகுதியை அவருக்குப் படித்துக் காட்டி, சம்மதம் வாங்கிக்கொண்டு வெளியிடுங்கள். சம்மதிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், உங்கள் வாதத்துக்கு அது தேவையும் இல்லை. அப்படியே புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து ஒரு நகலை அவர் வீட்டிலேயே கொடுங்கள். இந்த நாட்டு ஈரத்தில் பழைய காகிதம் எவ்வளவு சீக்கிரம் பொடியாகும் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் பெயரையும் இப்போதே ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். நம் அடையாள அட்டையில் 'ஏ/பி' போட்டு அப்பா பெயர் வரும். இதழ்களின் கணினி கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் எல்லா மேற்கோளிலும் உங்கள் அப்பாதான் ஆசிரியராக இருப்பார். ஒரு கட்டுரையில் தலைப்பெழுத்தோடும் இன்னொன்றில் முழுப் பெயரோடும் எழுதினால் இரண்டு ஆளாகப் பதிவாவீர்கள். ஒரு வடிவத்தைத் தேர்ந்து கடைசிவரை அதையே எழுதுங்கள். ஆர்க்கிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் எண்ணை இலவசமாகவே எடுக்கலாம். எடுத்துவிட்டுக் கட்டுரையை அனுப்புங்கள்.

மதிப்பீடு வரும்போது மனம் தளராதீர்கள். 'பெரும் திருத்தம் தேவை' என்று வந்தால் அது நல்ல செய்தி, வேண்டாம் என்றால் அப்போதே சொல்லியிருப்பார்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் என்ன செய்தீர்கள், எந்தப் பக்கத்தில் செய்தீர்கள் என்று வரிசையாகப் பதில் எழுதுங்கள். ஏற்க முடியாததை ஏன் ஏற்கவில்லை என்று பணிவாகச் சொல்லலாம். பள்ளி ஆசிரியை என்பதால் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியதில்லை. அந்தப் புத்தகத்தை மதிப்பீட்டாளர் பார்த்ததில்லை, நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

தமிழில் எழுதினால் மதிப்பு உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, என் மனதில் சந்தேகமே இல்லை. முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966இல் கோலாலம்பூரில்தான் நடந்தது. அதை முன்னின்று நடத்திய தனிநாயகம் அடிகள் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக இருந்தவர். ஆங்கிலத்தில் உலகத்தோடு பேசுவதையும் தமிழில் நம்மோடு பேசுவதையும் ஒன்றுக்கொன்று எதிராக அவர் வைக்கவில்லை. இன்றைக்குத் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலிருந்து தமிழிலேயே 'வளர்தமிழ்' ஆய்விதழ் வருகிறது. பேட்டிகளின் மொழியை, தோட்டத்துப் பேச்சு வழக்கை, கணக்கில் கிராணி எழுதிய தமிழை அடிப்படையாக வைத்துத் தனியாக ஒரு தமிழ்க் கட்டுரை எழுதுங்கள். ஆங்கிலக் கட்டுரையையே மொழிபெயர்த்து அனுப்பாதீர்கள், அப்படிச் செய்தால் இரு முறை வெளியிட்டதாக ஆகும். பேட்டி கொடுத்த பெரியவர்களின் பிள்ளைகள் படிக்கப் போவதும் இந்தத் தமிழ்க் கட்டுரையைத்தான்.

பட்டத்துக்கு அது கணக்கில் வருமா என்பது மட்டும் வேறு கேள்வி. அதற்குப் பதில் உங்கள் பல்கலைக்கழகத்தின் விதியில் இருக்கிறது, என்னிடம் இல்லை. சமர்ப்பிப்பதற்குக் கட்டுரை அச்சில் வந்திருக்க வேண்டுமா, ஏற்புக் கடிதம் போதுமா, ஸ்கோபஸ்தான் வேண்டுமா, மைசைட் பட்டியலில் உள்ள மலேசிய இதழும் செல்லுமா என்று முதுகலை அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். வாய்ச் சொல்லை நம்பி 1,800 ரிங்கிட்டைத் தூக்கிக் கொடுக்க இருந்தீர்கள். ஏற்புக் கடிதமே போதும் என்று விதி சொன்னால் அச்சேறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மைசைட்டும் செல்லும் என்றால் 'கஜியான் மலேசியா'வையே முதலில் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பதில் கைக்கு வந்ததும், திருத்திய ஆய்வுச் சுருக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள். இருநூறு சொல்லுக்கு மேல் வேண்டாம், கோடு போட்ட அந்தப் பெயர் அதில் இருக்கட்டும்.